இரண்டு தப்பு சேர்ந்து காட்டிய ஒரு சரியான எண்: கப்பலூர் பாய்லர் ஒன்றில் ஆக்சிஜன் அனலைசர் பொருத்திய நிகழ்வு ஆய்வு

பின்னணி

மதுரையிலிருந்து திருமங்கலம் போகும் வழியில், கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையைச் சுற்றி பாய்லர் வைத்திருக்கும் ஆலைகள் பல உண்டு. அதில் ஒரு நூல் பதனிடும் ஆலை, பெயர் வேண்டாம். மணிக்கு 4 டன் நீராவி தரும் விறகு பாய்லர், விறகு என்றால் பெரும்பாலும் சீமைக்கருவேலம்தான், விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம் பக்கமிருந்து லாரியில் வரும். ஒரு லாரி காய்ந்து கலகலவென்று இருக்கும், அடுத்த லாரியில் வெட்டின பச்சை மணம் போயிருக்காது. ஃபயர்மேன் கையால்தான் கட்டை போடுகிறார். காற்று எவ்வளவு விடுவது என்பது அவர் கண்ணையும் அனுபவத்தையும் பொறுத்தது.

விறகுச் செலவைக் குறைக்க வேண்டும் என்று நிர்வாகம் முடிவெடுத்தபோது முதலில் எழுந்த கேள்வி, புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் போகிறது என்பது. எப்போதாவது ஒருவர் கையடக்க அனலைசரோடு வந்து அளந்துவிட்டுப் போவார், சுமார் 9 சதவீதம் என்று தாளில் இருக்கும். காற்றில் இருப்பது 20.9 சதவீதம். 20.9-இல் 9-ஐக் கழித்தால் 11.9, 9-ஐ அதால் வகுத்தால் 0.75 வரும். அதாவது எரிவதற்குத் தேவையான காற்றுக்கு மேல் இன்னும் முக்கால் பங்கை உள்ளே இழுத்து, சூடாக்கி, புகைபோக்கி வழியே ஊருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். விறகு பாய்லரில் கொஞ்சம் அதிகக் காற்று தவிர்க்க முடியாதது, ஆனாலும் இது அதிகம். சரி, எப்போதும் அளந்துகொண்டே இருக்கும் கருவி ஒன்றைப் பொருத்திவிடலாம் என்று முடிவாயிற்று.

வாங்கியது சிர்கோனியா என்ற பீங்கான் மாதிரிப் பொருளை வைத்து ஆக்சிஜனை அளக்கும் அனலைசர். அளக்கும் கம்பியான புரோப் புகைப்பாதையில், அது தருவதைக் கணக்குப் போட்டு எண்ணாக்கும் டிரான்ஸ்மிட்டர் தனியாக ஏசி போட்ட பேனல் ரூமில், நடுவே நீண்ட கேபிள். துளை எங்கே போடுவது என்று கேட்க என்னைக் கூப்பிட்டார்கள். வயரிங்கும் முதல் ஓட்டமும் ஆலையின் எலக்ட்ரிகல் ஆட்களும் கருவி விற்றவர்களின் சர்வீஸ் ஆளும் சேர்ந்து செய்தது. அப்புறம் எண் தாறுமாறாகப் போனபோது திரும்பவும் கூப்பிட்டார்கள்.

கருவி வேலை செய்யும் விதம், சுருக்கமாக

இது தெரியாமல் பின்னால் வருவது புரியாது, அதனால் பொறுத்துக்கொள்ளுங்கள். புரோப் நுனியில் ஒரு சிர்கோனியா செல். அதன் ஒரு பக்கம் சாதாரண காற்று, மறுபக்கம் புகை. செல் நன்றாகச் சூடானதும் இரு பக்க ஆக்சிஜன் வித்தியாசத்துக்குத் தக்கபடி ஒரு சிறு மின்னழுத்தம் பிறக்கும். இந்தக் கருவியில் செல்லை ஒரு ஹீட்டர் 700 டிகிரி செல்சியஸில் பிடித்து வைக்கிறது. அந்த வெப்பநிலையில் இரு பக்கமும் காற்றாக இருந்தால் 0 மில்லிவோல்ட், புகைப் பக்கம் 8 சதவீதம் என்றால் சுமார் 20, 5 சதவீதம் என்றால் 30, 2 சதவீதம் என்றால் 49. ஆக்சிஜன் குறையக் குறைய மில்லிவோல்ட் ஏறும்.

இந்தக் கணக்கில் வெப்பநிலையும் பெருக்கும் எண்களில் ஒன்று. செல் 700-இல் இருக்கிறது என்று டிரான்ஸ்மிட்டர் நம்பிக் கணக்குப் போடுகிறது. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் செல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கே வகை தெர்மோகப்பிள், அதாவது சூட்டுக்குத் தக்க சிறு மின்னழுத்தம் தரும் இரு உலோக வயர் ஜோடி, அவ்வளவுதான். ஆகவே புரோப்பிலிருந்து பேனலுக்கு ஹீட்டருக்கு ஒரு ஜோடி, தெர்மோகப்பிளுக்கு ஒரு ஜோடி, செல்லுக்கு ஒரு ஜோடி என்று வயர்கள் வருகின்றன. இவை தவிர புரோப்பின் தலையில் இரண்டு சிறு குழாய் வாய்கள் உண்டு. ஒன்று செல்லின் ஒரு பக்கத்தில் இருக்க வேண்டிய ஒப்பீட்டுக் காற்றுக்கு, இன்னொன்று சோதனை வாயு ஊதுவதற்கு. இரண்டாவது வாய், சோதனை இல்லாத நேரத்தில் கட்டாயம் இறுக்கி மூடியிருக்க வேண்டும்.

துளை போட்ட இடம்

ஆலைக்காரர்களுக்குப் பிடித்த இடம் தூசுப்பிரிப்பானைத் தாண்டி, புகையை உறிஞ்சிப் புகைபோக்கிக்குத் தள்ளும் ஐடி ஃபேனுக்குச் சற்று முன்னால். அங்கே ஏற்கனவே மேடை இருக்கிறது, ஏணி இருக்கிறது, ஆள் நின்று வேலை பார்க்கலாம். நான் வேண்டாம் என்றேன். அந்த இடத்துக்குப் புகை வருவதற்குள் வழியெல்லாம் வெளிக்காற்று கலந்துவிடும், தூசு கொட்டும் வால்வு, பழைய ஆய்வுக் கதவுகள், துருப்பிடித்த வெல்டிங் எல்லாமே ஃபேன் இழுப்பில் காற்றை உறிஞ்சும். வாய்ச் சண்டை எதற்கு என்று கையடக்க அனலைசரை இரண்டு இடத்திலும் விட்டுப் பார்த்தோம். பாய்லர் வெளிவாயில் 9.0, தூசுப்பிரிப்பானுக்குப் பின்னால் 11.5. நடுவில் ஏறிய 2.5 சதவீத ஆக்சிஜன் எரிதலோடு சம்பந்தமே இல்லாத காற்றிலிருந்து வந்தது. அந்த எண்ணை வைத்து ஃபயர்மேன் காற்றைக் குறைத்தால் அடுப்பு மூச்சு முட்டும்.

ஆகவே துளை பாய்லர் வெளிவாயில், புகைச் சூட்டில் உள்ளே போகும் காற்றைச் சூடாக்கும் ஏர் ப்ரீஹீட்டருக்கு முன்னால். புகையின் வெப்பம் அங்கே 250 டிகிரிக்கு மேல், இந்தப் புரோப்புக்கு அது ஒன்றுமில்லை. புகைப் பாதையான டக்ட் திரும்பும் முழங்கையை விட்டுத் தள்ளி நேரான பகுதியில், அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே நுனி போகும்படி, தண்ணீர் கோர்த்தால் செல் பக்கம் ஓடாதபடி சரிவு பார்த்து, சாம்பல் நேராக அடிக்காமலிருக்க நுனித் தடுப்புத் தகடு புகை வரும் திசையைப் பார்க்க வைத்தோம். பக்கத்திலேயே கையடக்கக் கருவியை நுழைக்க இன்னொரு சிறு துளையும் கேட்டு வாங்கினேன். எதற்கு வீணாக என்றார்கள். அந்தத் துளை இல்லாமல் இந்தக் கதை முடிந்திருக்காது. வெட்டியது புகை டக்ட்டைத்தான், ட்ரம், ட்யூப் என்று நீராவி அழுத்தம் தாங்கும் பகுதி எதையும் தொடவில்லை.

ஒரு குறை அப்போதே தெரிந்தது. இந்த இடத்தில் புரோப்பின் தலைப்பெட்டி பாய்லர் சூட்டிலேயே இருக்கும். மேலே தகரக் கூரை, மதியம் அந்தப் பெட்டியில் கை வைக்க முடியாது.

முதல் ஓட்டம்

சில விஷயங்கள் ஒழுங்காகவே நடந்தன. டிரான்ஸ்மிட்டர் 0-25 சதவீதத்தை 4-20 மில்லி ஆம்பியர் கரன்டாக மாற்றி அனுப்புகிறது, அதை வாங்கிப் பதியும் ரெக்கார்டர் 0-21 என்று வைக்கப்பட்டிருந்தது. இதை அப்படியே விட்டிருந்தால் 8 சதவீதம் 6.7 என்று தெரிந்திருக்கும். சர்வீஸ் ஆள் கரன்ட் கொடுத்துச் சோதித்து அன்றே பிடித்துவிட்டார். ஹீட்டர் கேபிளையும் சிக்னல் கேபிளையும் தனித்தனிக் குழாயில் விட்டிருந்தார்கள், சிக்னல் கேபிளைச் சுற்றிய உலோக உறையான ஷீல்டை பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்திருந்தார்கள்.

தெர்மோகப்பிள் வயரை இணைத்து ஹீட்டரைப் போட்டதும், வெப்பநிலை ஏறுவதற்குப் பதில் இறங்க ஆரம்பித்ததாம். எலக்ட்ரீஷியன் ஒரு முனையில் வயரை மாற்றிப் போட்டார், ஏற ஆரம்பித்தது. 700-ஐத் தொட்டு நின்றது. எல்லோரும் நிம்மதியாகிவிட்டார்கள், இதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. பல நாள் கழித்து டீ குடிக்கும்போது அவரே சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சோதனைக்கு இரண்டு வாயு வேண்டும். ஒன்று சாதாரண காற்று, மற்றொன்று 2 சதவீத ஆக்சிஜன் மீதி நைட்ரஜன் உள்ள சிலிண்டர். சிலிண்டர் வந்து சேரவில்லை. காற்றை மட்டும் ஊதிப் பார்த்தார்கள், 20.9 காட்டியது. பிறகு புரோப்பைப் புகையில் வைத்து, பக்கத்துத் துளையில் கையடக்கக் கருவியை விட்டார்கள். பேனல் 9.1, கையடக்கக் கருவி 9.0. இதற்கு மேல் என்ன வேண்டும்? கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

சிக்கல் தெரிந்த விதம்

முதலில் கவனித்தவர் ஃபயர்மேன். மாதாந்திரச் சோதனை என்று ஒரு நாள் காற்றை ஊதிப் பார்த்துவிட்டுப் போனார்கள், அதற்குப் பிறகு திரையில் 11 காட்ட ஆரம்பித்தது. மேனேஜர் எண்ணைப் பார்த்தார், காற்று அதிகம், குறையுங்கள் என்றார். ஃபயர்மேன் எஃப்டி டேம்பரை, அதாவது அடுப்புக்குக் காற்று ஊதும் ஃபேனின் மடலை, மூடினார். எண் கொஞ்சம் இறங்கியது, புகைபோக்கியில் கரும்புகை கிளம்பியது. இன்னும் குறையுங்கள் என்று மறுபடி உத்தரவு வரவும் அவர் கையை எடுத்துவிட்டார்.

நான் போனபோது அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: “தம்பி, மீட்டரு காத்து நிறையா இருக்குன்னு சொல்லுது. புகை காத்தே இல்லன்னு சொல்லுது. முப்பது வருசமா நான் புகையத்தான் பாத்து வேல செஞ்சிருக்கேன்.”

“நீங்க சொல்றதுதான் சரிண்ணே, டேம்பரை பழைய இடத்துலயே வைங்க” என்றேன். எது பொய் சொல்கிறது என்று தெரியும்வரை எண்ணை வைத்து யாரும் எதையும் திருப்பக்கூடாது என்று மேனேஜரிடமும் சொல்லிவிட்டேன். எடுத்த முடிவுகளில் முதல் முடிவு இதுதான். சாதாரணமாகத் தெரியும், ஆனால் கரும்புகை விட்டுக்கொண்டு ஆராய்ச்சி செய்ய முடியாது.

பார்த்த வரிசை

முதலில் சந்தேகப்பட்டது கையடக்கக் கருவியை, ஏனென்றால் மற்றதையெல்லாம் அதை வைத்துத்தான் அளக்கப் போகிறோம். வெளிக்காற்றில் 20.9. உறிஞ்சு குழாயின் நுனியை விரலால் அடைத்தால் பம்ப் திணறி, ஓட்டம் இல்லை என்று எச்சரிக்கை வர வேண்டும், வந்தது. புகையிலிருந்து தண்ணீரைப் பிடிக்கும் பொறி நிரம்பவில்லை, ஃபில்டர் மட்டும் சாம்பலாக இருந்தது, மாற்றினோம். அப்புறம் துளையில் விட்டால் 9.0. பேனலில் 11.

ஃபயர்மேனை விட்டுச் சிறிது நேரம் மட்டும் காற்றைக் குறைக்கச் சொன்னேன். கையடக்கக் கருவி 6-க்கு இறங்கியது, எரிதல் அரைகுறை என்பதற்கு அடையாளமான கார்பன் மோனாக்சைடு மளமளவென்று 3000 பிபிஎம்-ஐ (பத்து லட்சத்தில் 3000 பங்கு) தாண்டியது. பேனல் 9-க்குப் பக்கத்தில் நின்றது. அதாவது நிஜம் இறங்கும் அளவுக்கு இது இறங்கவில்லை, இடைவெளியும் பெரிதாகிறது. செல் பலவீனமானாலும் ஓரளவு இப்படி வரலாம், ஆனால் முதலில் தோன்றியது வேறு. எங்கிருந்தோ ஒரு குறிப்பிட்ட பங்கு வெளிக்காற்று செல்லில் கலக்கிறது என்றாலும் இப்படித்தான் வரும்.

மேலே ஏறிப் பார்த்தால் சோதனை வாயு ஊதும் வாய் திறந்து கிடந்தது. பித்தளை மூடி பக்கத்து ஆங்கிளில் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தது. அந்த இடத்தில் டக்ட்டின் உள்ளே வெளிக்காற்றைவிட சுமார் 15 மில்லிமீட்டர் நீர்மட்டம் அழுத்தம் குறைவு, பாய்லர் ஓடும் நேரமெல்லாம் அந்தச் சிறு குழாய் வழியே வெளிக்காற்று நேராகச் செல்லின் முகத்துக்கே போய்க்கொண்டிருந்தது. மூடியை எடுத்துப் பார்த்தால் அதில் வாஷரே இல்லை. முதல் நாளிலிருந்தே கையால் திருகி மட்டும் விட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. அப்போதே கொஞ்சம் கசிந்திருக்கிறது, மாதச் சோதனைக்குப் பிறகு முழுசாக.

செப்பு வாஷர் போட்டு ஸ்பேனரால் இறுக்கினோம். எண் இறங்கி நின்றது. எங்கே? 7.5-இல்.

கையடக்கக் கருவி இன்னும் 9.0 தான்.

மேனேஜர் முகம் மாறிவிட்டது. “சார், முன்னாடி ஒன்பதுக்கு ஒன்பது காட்டுச்சு. நீங்க கை வச்சதுக்கப்புறம் ஒன்றரை குறைச்சுக் காட்டுது.” நியாயமான பேச்சுதான். கண்ணால் பார்த்த ஒரு கசிவை அடைத்ததால் நிலைமை மோசமானது போலத் தெரிகிறது. இந்த இடத்தில் பலர் மூடியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு 9 வந்ததும் கிளம்பிவிடுவார்கள், அப்படிச் செய்த இடங்கள் உண்டு. நான் அப்போது நினைத்தது, முதல் நாள் பொருந்திய 9.1 தற்செயலாகப் பொருந்திய எண், கசிவு அதை மேலே தள்ளியிருக்கிறது, வேறு ஏதோ ஒன்று கீழே இழுத்திருக்கிறது, கயிறு இழுக்கும் போட்டியில் இரண்டு பக்கமும் சம பலம் என்றால் துணி நடுக்கோட்டில் நிற்பது போல. ஒரு பக்கத்தை நாம் இப்போது விடுவித்துவிட்டோம், மறுபக்கம் யார் என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது வாயு

இதற்குள் 2 சதவீத சிலிண்டர் வந்து ஒரு மூலையில் கிடந்தது, யாரும் தொடவில்லை. ரெகுலேட்டர் மாட்டி ஊதினோம். காற்றுக்கு 20.9, அட்சரம் பிசகவில்லை. 2 சதவீத வாயுவுக்கு 1.7.

சர்வீஸ் ஆளை போனில் பிடித்தோம். கருவி காட்டும் எண்ணைச் சோதனை வாயுவுக்குப் பொருத்தும் ஸ்பான் பட்டனை அழுத்தி 2.0 ஆக்கிவிடுங்கள் சார் என்றார். வேண்டாம் என்றேன். காற்றுக்குச் சரி, குறைந்த ஆக்சிஜனுக்குத் தப்பு என்பது ஒரு தடயம், அதை அழித்துவிட்டால் பிறகு கண்டுபிடிக்க எதுவும் மிஞ்சாது. காற்றில் இரு பக்கமும் ஒரே அளவு, மின்னழுத்தம் பூஜ்யம், பூஜ்யத்தை எந்த வெப்பநிலையால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். ஆகவே செல்லின் வெப்பநிலை எக்குத்தப்பாக இருந்தாலும் காற்றுச் சோதனையில் அது தெரியவே தெரியாது. 2 சதவீத வாயுவில்தான் தெரியும்.

ராத்திரி மறுபடி ஊதிப் பார்க்கலாம் என்று தங்கினேன். வெயில் இறங்கி, தகரக் கூரை ஆறி, இரவு ஷிஃப்டில் அதே வாயுவை ஊதினால் 1.7-க்குப் பதில் 1.8-க்கு மேல். வித்தியாசம் சின்னதுதான், ஆனால் சிலிண்டரில் இருக்கும் வாயு பகலுக்கும் ராத்திரிக்கும் மாறாது. மாறுவது பெட்டியின் சூடு மட்டுமே. பேனலில் செல் வெப்பநிலை பகலிலும் 700, இரவிலும் 700. அதை நம்ப முடியாது என்று அங்கேதான் உறுதியானது.

சிவப்பு வயர்

மறுநாள் மதியம் தலைப்பெட்டியைத் திறந்து, தெர்மோகப்பிள் முனைகளில் மல்டிமீட்டர் வைத்தோம். 29.5 மில்லிவோல்ட். தெர்மோகப்பிள் காட்டுவது இரு முனை வெப்ப வித்தியாசத்தை மட்டும், அதனால் பெட்டிச் சூட்டையும் சேர்க்க வேண்டும். பெட்டிக்குள் வெப்பம் 62 டிகிரி, கே வகை அட்டவணையில் அதற்கு 2.5 மில்லிவோல்ட். இரண்டையும் கூட்டினால் 32.0. அட்டவணையில் 32.0 என்பது 770 டிகிரி. பேனல் 700 என்கிறது, செல் 770-இல் வெந்துகொண்டிருக்கிறது.

வந்திருந்தது மஞ்சள் உறை போட்ட கே வகை நீட்டிப்புக் கேபிள், உள்ளே ஒரு வயர் மஞ்சள், ஒன்று சிவப்பு. இது அமெரிக்க நிற முறை. அதில் சிவப்புதான் நெகட்டிவ். நம் ஊரில் பேட்டரியிலிருந்து எல்லாவற்றிலும் சிவப்பு பாசிட்டிவ் என்று கை பழகியிருக்கும், எலக்ட்ரீஷியன் பேனலில் சிவப்பைப் பாசிட்டிவில் போட்டிருக்கிறார். முதல் நாள் வெப்பநிலை இறங்கியது அதனால்தான். அதைச் சரிசெய்ய அவர் மாற்றியது பேனல் முனையை அல்ல, புரோப் முனையை. இப்போது இரண்டு முனையிலும் தலைகீழ். மொத்தத்தில் தெர்மோகப்பிள் நேராகிவிடுகிறது, எண் ஏறுகிறது, எல்லாம் சரி போலத் தெரிகிறது. நடுவில் இருக்கும் கேபிள் மட்டும் தலைகீழாக நிற்கிறது. அந்தக் கேபிளும் தெர்மோகப்பிள் உலோகம்தான், தன் இரு முனை வெப்ப வித்தியாசத்தைக் கூட்ட வேண்டியது, இப்போது கழிக்கிறது. பெட்டி 62, பேனல் ரூம் 27, வித்தியாசம் 35. கூட்ட வேண்டியதைக் கூட்டாததற்கு ஒரு 35, கழித்ததற்கு இன்னொரு 35, ஆக 70 டிகிரி குறைவாகப் படிக்கிறது. கன்ட்ரோலர் தன் கடமையைச் செய்து செல்லை 70 டிகிரி மேலே ஏற்றி, 700 என்று காட்டிக்கொண்டு நிற்கிறது. ராத்திரியில் பெட்டி ஆறும்போது பிழையும் குறைகிறது.

இது எலக்ட்ரீஷியன் தப்பு என்று அங்கே ஒரு பேச்சு எழுந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. டெர்மினலில் பிளஸ், மைனஸ் என்று இருந்தது, கேபிளில் எது பிளஸ் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை, கருவியோடு வந்த தாளிலும் நிறம் குறிப்பிடவில்லை.

இரு முனையையும் மாற்றி, செல் ஆறி 700-க்கு வரும்வரை காத்திருந்தோம். தலைப்பெட்டியில் 26.6 மில்லிவோல்ட், பெட்டிச் சூட்டுக்கு 2.5 கூட்டினால் 29.1, அட்டவணையில் அது 700. சிலிண்டர் வாயு 2.0. ஸ்பான் பட்டனைத் தொடவே இல்லை. புகையில் 8.0.

மிச்சமிருந்த ஒரு சதவீதம்

பேனல் 8.0, கையடக்கக் கருவி 9.0. இது தப்பே இல்லை. சிர்கோனியா புகைக்குள்ளேயே உட்கார்ந்து, நீராவி உட்பட மொத்தப் புகையில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்கிறது. கையடக்கக் கருவி புகையை உறிஞ்சி, ஆறவைத்து, தண்ணீரைப் பொறியில் விட்டுவிட்டு, காய்ந்த புகையில் பார்க்கிறது. விறகில் இருக்கும் ஈரம், விறகின் ஹைட்ரஜன் எரிந்து வரும் நீர், இரண்டும் சேர்ந்து இந்த அளவு காற்றில் புகையில் சுமார் 12 சதவீதம் நீராவி. 9.0-இல் 12 சதவீதத்தைக் கழித்தால் 7.9. பொருந்துகிறது.

டிரான்ஸ்மிட்டரில் 1.0 கூட்டி இரண்டையும் ஒன்றாக்கிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது, பார்ப்பவர்களுக்குக் குழப்பம் இருக்காதே என்று. மறுத்தேன். ஐப்பசி மழையில் நனைந்த கட்டை வந்தால் அந்த இடைவெளி மாறும், காற்றைக் குறைத்து ஓட்டினாலும் மாறும், காற்றுச் சோதனையில் 21.9 என்று காட்டி அடுத்து வருபவரின் தலையைச் சுற்ற வைக்கும். அதற்குப் பதில் திரைக்குக் கீழே “ஈரப் புகையில் அளவு. கையடக்கக் கருவி சுமார் 1 கூடுதலாகக் காட்டும்” என்று ஒரு பலகை.

அதன் பிறகு

எஃப்டி ஃபேன் வேகத்தை இந்த எண்ணோடு நேராக இணைத்துத் தானாக ஓடவிடுவது என்பது முதல் திட்டம். அதைக் கைவிட்டோம். கையால் கட்டை போடும் பாய்லரில் கதவைத் திறந்ததும் எண் 15-க்கு மேல் பறக்கும், போட்டு மூடியதும் விறகிலிருந்து வாயு கிளம்பி மளமளவென்று விழும், பிறகு மெல்ல ஏறும். இதைத் துரத்திக்கொண்டு ஃபேன் ஏறி இறங்கினால் எதுவும் உருப்படாது. பதிலாக பெரிய சிவப்பு எழுத்துத் திரை ஒன்றை அடுப்புக் கதவுக்குப் பக்கத்தில், ஃபயர்மேன் கண்ணுக்கு நேரே வைத்தோம். எண் ஏற ஆரம்பித்தால் கட்டை தீருகிறது என்று பொருள், அப்போது போட வேண்டும். ஒரே தடவையில் கதவு நிறைய அடைப்பதற்குப் பதில் கொஞ்சம் கொஞ்சமாக, கதவு திறந்திருக்கும் நேரத்தைக் குறைத்து.

எவ்வளவு கீழே போகலாம் என்பதற்கு சிர்கோனியாவைக் கேட்க முடியாது. கார்பன் மோனாக்சைடை அது அளக்காது, எரியாத வாயு வந்தால் சூடான செல் முகத்திலேயே எரிந்து ஆக்சிஜனை இன்னும் குறைத்துக் காட்டும். ஆகவே கையடக்கக் கருவியில் கார்பன் மோனாக்சைடைப் பார்த்துக்கொண்டே காற்றைக் குறைத்து, அது எகிற ஆரம்பிக்கும் இடத்துக்கு நல்ல தூரம் முன்னால் நின்றோம். சீரான ஓட்டத்தில் காய்ந்த கணக்கில் 7, திரையில் 6 சொச்சம். அதிகக் காற்று முக்கால் பங்கிலிருந்து பாதிப் பங்காயிற்று. புகைபோக்கி சுத்தமாக இருக்கிறது, அதை ஃபயர்மேனே ஒத்துக்கொண்டார். விறகு எடையையும் ஊட்டுநீர் மீட்டரையும் ஷிஃப்ட் வாரியாக ஒரே நோட்டில் எழுத ஆரம்பித்திருக்கிறார்கள்.

தூசுப்பிரிப்பான் கசிவு தனி வேலை. ஆய்வுக் கதவு இடுக்கை அடைக்கும் கயிறுகளை மாற்றியிருக்கிறார்கள், தூசு கொட்டும் வால்வு இன்னும் பாக்கி.

மாற்றியவையும் மாற்ற வேண்டியவையும்

சோதனை வாயு வாயில் இப்போது மூடிக்குப் பதில் ஒரு சிறு பால் வால்வு, அதற்கு மேல் செயின் போட்ட பிளக். மூடியை ஆங்கிளில் வைத்துவிட்டு இறங்கும் வேலைக்கு இனி வழியில்லை. கேபிளின் இரு முனையிலும் “சிவப்பு = மைனஸ்” என்று எழுதிய ஃபெரூல் வளையம். தலைப்பெட்டிக்கும் பாய்லர் உடம்புக்கும் நடுவே ஒரு தகடு, சூடு கொஞ்சம் குறைந்திருக்கிறது.

மாதாந்திரப் பராமரிப்புக்கு கரன்ட் நிறுத்தும் நாட்களில் ஹீட்டர் அணைந்து, சூடான ஈரப் புகை ஆறிக்கொண்டிருக்கும் செல்லின் மேல் படியும். அனலைசரை யூபிஎஸ் லைனுக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன், பாய்லர் நிற்கும் நாட்களிலும் ஹீட்டரை அணைக்க வேண்டாம் என்றும்.

இனி இது மாதிரி வேலையில் நான் கேட்கப் போவது வேறு வரிசை. சிலிண்டர் வந்து சேராமல் ஏற்புத் தாளில் கையெழுத்து வேண்டாம். இரண்டு வாயுவும் பகல் உச்சி வெயிலில் ஒரு முறை, இரவில் ஒரு முறை ஊதிப் பார்க்க வேண்டும். தலைப்பெட்டியில் மல்டிமீட்டர் வைத்த மில்லிவோல்ட், பெட்டி வெப்பம், பேனல் காட்டும் வெப்பம் மூன்றும் தாளில் இருக்க வேண்டும். முதல் இணைப்பின்போது ஏதாவது ஒரு வயரை மாற்றிப் போட்டிருந்தால் எந்த முனையில் என்று எழுத வேண்டும். கையடக்கக் கருவியோடு ஒப்பிடும் கட்டத்தில் “ஈரம்”, “காய்ந்தது” என்று இரண்டு பத்தி போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

செல் மதியங்களில் 770 வரை ஏறிச் சில மாதம் ஓடியிருக்கிறது, ஹீட்டரின் ஆயுள் அதில் கொஞ்சம் போயிருக்கும். உதிரி ஹீட்டர் ஒன்று ஸ்டோரில் வாங்கி வைத்துவிட்டார்கள்.